தகரக் கொட்டகை உருவாக்கிய பந்தடி மன்னர்

சுரங்கத் தொழிலாளியின் மகன் உலகப் புகழ் பெற்ற கதை

அமெரிக்காவில் ஓக்லஹோமா என்று ஒரு மாநிலம். அங்கே காமர்ஸ் என்று ஒரு சிறிய ஊர். அந்த ஊரில் ஒரு சின்ன வீடு. வீட்டை ஒட்டிய காலி இடத்தில் ஒரு தகரக் கொட்டகை.

பார்த்தால் யாருக்கும் அது ஒரு பெரிய பொருளாகத் தோன்றாது. துருப்பிடித்த தகரம். சற்றே சாய்ந்த சுவர். அந்தச் சுவர் முழுவதும் ஒடுக்கு விழுந்திருக்கும்.

ஆனால் பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஒடுக்குகளைப் பார்ப்பதற்காகவே வெளியூர்களில் இருந்து ஜனங்கள் வந்தார்கள். தடவிப் பார்த்தார்கள். படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அவை பந்து பட்டு விழுந்த ஒடுக்குகள். தினந்தோறும், ஆண்டுக்கணக்காகப் பந்து பட்டு விழுந்தவை. அந்தக் கொட்டகைக்கு முன்னால் மட்டை பிடித்து நின்ற சிறுவன்தான், பின்னாளில் அமெரிக்காவின் பேஸ்பால் மன்னராகத் திகழ்ந்த மிக்கி மேண்டில்.

பயிற்சிக்கூடம் இல்லை. வலை இல்லை. சம்பளம் வாங்கும் குரு இல்லை. ஒரு தகரச் சுவர், ஒரு மட்டை, சில டென்னிஸ் பந்துகள் இருந்தன. கூடவே ஓர் அப்பாவும் ஒரு தாத்தாவும் இருந்தார்கள்.

இவற்றை வைத்துக்கொண்டு ஓர் ஏழைக் குடும்பம் எப்படி ஒரு மாவீரரை உருவாக்கியது? அந்த வீரர் பிறகு எதை இழந்தார்? இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுரங்கத் தொழிலாளி

மிக்கி மேண்டில் 1931-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி, ஓக்லஹோமாவில் உள்ள ஸ்பாவினா என்ற ஊரில் பிறந்தார். தாயார் பெயர் லவல். தகப்பனாரை எல்லோரும் மட் மேண்டில் என்று அழைப்பார்கள்.

அப்போது அமெரிக்காவில் பெரும் பண முடை. எங்கும் வேலை இல்லாத் திண்டாட்டம். மட் மேண்டில் குடும்பத்தோடு காமர்ஸ் ஊருக்குக் குடியேறினார். மிக்கிக்கு அப்போது வயது 4.

காமர்ஸ் ஊரைச் சுற்றிலும் ஈயச் சுரங்கங்களும் துத்தநாகச் சுரங்கங்களும் இருந்தன. மட் மேண்டிலுக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. பூமிக்கு அடியில் இருட்டில் வேலை. மூச்சு விட்டால் தூசி. மேலே வந்து பார்த்தாலும், தோண்டிக் கொட்டிய கல்லும் பொடியும் மலை மலையாகக் குவிந்திருக்கும்.

மட் மேண்டிலுக்கு ஒரே ஒரு பைத்தியம். அது பேஸ்பால். வாரம் முழுவதும் சுரங்கத்தில் பாடுபடுவார். ஓய்வு கிடைத்தால் உள்ளூர்க் குழுவில் ஆடுவார். பெரிய ஆட்டக்காரராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. வறுமை அந்த ஆசையை நிறைவேற விடவில்லை.

தனக்குக் கிடைக்காதது தன் மகனுக்குக் கிடைக்கவேண்டும் என்று அவர் உறுதி பூண்டார்.

மகன் பிறப்பதற்கு முன்பே பெயரும் முடிவாகிவிட்டது. அந்தக் காலத்தில் மிக்கி காக்ரேன் என்று ஒரு புகழ் பெற்ற பேஸ்பால் வீரர் இருந்தார். அவர் பெயரையே மகனுக்கு வைத்தார். காக்ரேனுடைய உண்மைப் பெயர் கார்டன் என்பது மட் மேண்டிலுக்குத் தெரியாது! நல்லவேளையாக அது அப்பாவுக்குத் தெரியாமல் போயிற்று என்று மிக்கி பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

என்ன ஆட்டம் இது?

பேஸ்பால் நம் ஊர் கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. ஒரு பக்கத்துக்கு 9 பேர். ஒருவர் பந்து எறிவார். எதிர்க் கட்சிக்காரர் உருண்டையான மட்டையால் அதை அடிப்பார்.

கிரிக்கெட்டில் பந்து தரையில் குத்தி எழும்பி வரும். பேஸ்பாலில் அப்படி இல்லை. பந்து தரையைத் தொடாமல் நேராகப் பறந்து வரும். எறிகிறவருக்கும் அடிக்கிறவருக்கும் இடையே 60 அடி 6 அங்குலத் தூரம்தான். பந்து மணிக்கு 90 மைல் வேகத்தில் வந்தால், அடிக்கிறவருக்கு யோசிக்க அரை விநாடி கூடக் கிடைக்காது!

அடித்தவர் நான்கு மூலைகளையும் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். பந்தை வேலிக்கு வெளியே பறக்க விட்டால் அதற்கு ஹோம் ரன் என்று பெயர். கிரிக்கெட்டில் சிக்சர் அடித்ததும் ஜனங்கள் துள்ளிக் குதிக்கிறார்கள் அல்லவா? ஹோம் ரன் அடித்தாலும் அப்படித்தான்.

இந்த ஆட்டத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. வலது கையால் எறிகிறவர் பந்தை வளைத்து எறிந்தால், வலது கை ஆட்டக்காரரை விட்டு அது விலகி விலகிப் போகும். அடிப்பது கஷ்டம். அதே பந்து இடது கை ஆட்டக்காரரை நோக்கி வளைந்து வரும். அவருக்கு அது நன்றாகக் கண்ணில் படும். இடது கையால் எறிந்தால் எல்லாம் தலைகீழ்.

ஆகையால், இரண்டு கையாலும் அடிக்கத் தெரிந்தவனுக்கு எப்போதும் லாபம். எறிகிறவர் எந்தக் கைக்காரரோ, அதற்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்ளலாம்.

இந்தச் சூட்சுமத்தை மட் மேண்டில் நன்றாக அறிந்திருந்தார். தன் மகன் இரண்டு கை ஆட்டக்காரனாக வேண்டும் என்று முடிவு செய்தார். அப்போது மகன் ஐந்து வயதுகூட நிரம்பாத பிள்ளை!

கொட்டகைப் பள்ளிக்கூடம்

மட் மேண்டில் வலது கைக்காரர். அவருடைய தகப்பனார் சார்லி, அதாவது மிக்கியின் தாத்தா, இடது கைக்காரர். பாடம் நடத்த வாத்தியார்கள் இரண்டு பேரும் வீட்டிலேயே இருந்தார்கள்!

மாலையில் மட் மேண்டில் சுரங்கத்திலிருந்து திரும்புவார். உடம்பெல்லாம் அலுப்பு. ஆனால் படுக்கமாட்டார். நேரே வீட்டுப் பக்கத்து வெளிக்கு வருவார். மிக்கி மட்டையோடு காத்திருப்பான்.

பையன் தகரக் கொட்டகைக்கு முதுகைக் காட்டி நிற்பான். அப்பா வலது கையால் எறிவார். பையன் இடது பக்கம் நின்று அடிப்பான். பிறகு தாத்தா இடது கையால் எறிவார். பையன் வலது பக்கம் மாறி நிற்பான். இருட்டிப் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை இது நடக்கும்.

அந்த இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உபயோகம் இருந்தது.

தகரச் சுவர் எதற்கு? பையன் அடிக்கத் தவறிய பந்து பின்னால் ஓடிவிடாமல் தடுப்பதற்கு. சுவரில் மோதிய பந்து காலடியிலேயே விழும். பந்தைத் தேடி ஓடும் நேரம் மிச்சம். அந்த நேரத்தில் இன்னும் பத்துப் பந்து அடிக்கலாம்.

டென்னிஸ் பந்து எதற்கு? பேஸ்பால் பந்து கெட்டியானது. சிறு பிள்ளை மீது பட்டால் காயம். ஜன்னலில் பட்டால் செலவு. டென்னிஸ் பந்து என்றால் பயம் இல்லாமல் ஓங்கி அடிக்கலாம்.

எதிரே இருந்த வீடுதான் மைதானத்தின் எல்லை. அந்த வீட்டுக்கும் ஒரு சட்டம் இருந்தது. தரையோடு உருண்ட பந்துக்கு ஒன்றும் கிடையாது. ஜன்னலுக்குக் கீழே பட்டால் ஒரு கணக்கு. ஜன்னலுக்கு மேலே பட்டால் அதைவிடப் பெரிய கணக்கு. கூரையைத் தாண்டிப் பறந்தால் ஹோம் ரன்!

இப்படி ஒவ்வோர் அடிக்கும் மதிப்பு இருந்தது. பையனுக்கு அது பாடமாகத் தெரியவில்லை. பந்தயமாகத் தெரிந்தது. வீட்டு ஜன்னலை உடைத்தும் அடி வாங்காத பிள்ளை அந்த ஊரில் தான் ஒருவன்தான் என்று மிக்கி பிற்காலத்தில் பெருமையோடு சொல்லிக்கொண்டார்.

தாயார் லவலுக்கும் பேஸ்பால் என்றால் உயிர். பகலில் வீட்டு வேலை செய்துகொண்டே ரேடியோவில் பந்தய வர்ணனையைக் கேட்பார். இரவு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும், யார் அடித்தார், யார் தோற்றார் என்பதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்வார்.

மிக்கிக்கு இயற்கையாக வந்தது வலது கைதான். இடது பக்கம் நின்று அடிப்பது ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. அப்பா விடவில்லை. பிடிக்காத பக்கத்துக்குத்தான் அதிகப் பயிற்சி தேவை என்பது அவர் கொள்கை.

காலில் வந்த கண்டம்

1944-ல் தாத்தா சார்லி இறந்தார். ஹாட்ஜ்கின் நோய் என்ற ஒருவகைப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அந்த நோய் அக்குடும்பத்து ஆண்களைத் துரத்தித் துரத்திப் பிடித்தது. மிக்கியின் சித்தப்பா, பெரியப்பா முறையில் இரண்டு பேரும் அகால மரணம் அடைந்தார்கள்.

1946-ல் மிக்கிக்கே கண்டம் வந்தது. பள்ளிக்கூடத்தில் கால்பந்துப் பயிற்சியின்போது இடது காலில் ஓர் உதை பட்டது. சாதாரண அடி என்று நினைத்தார்கள். கால் வீங்கிற்று. காய்ச்சல் ஏறிற்று. எலும்புக்குள் சீழ் பிடித்துவிட்டது.

காலையே வெட்டி எடுக்கவேண்டும் என்ற பேச்சு வந்தது. தாயார் லவல் சம்மதிக்கவில்லை. மகனை ஓக்லஹோமா நகரத்தில் உள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்போது பென்சிலின் என்ற மருந்து புதிதாகப் புழக்கத்துக்கு வந்திருந்த சமயம். சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஊசி போட்டார்கள். கால் பிழைத்தது!

ஊசி மருந்து சில ஆண்டுகள் தாமதமாக வந்திருந்தால் மிக்கி மேண்டில் என்ற ஆட்டக்காரரை உலகம் பார்த்திருக்காது.

குணமானதும் பையன் மறுபடியும் மட்டையைத் தூக்கினான். கோடை விடுமுறையில் அப்பாவோடு சுரங்கத்தில் கல் உடைக்கும் வேலை செய்தான். சம்மட்டி பிடித்துப் பிடித்துத் தோள் திரண்டது. மணிக்கட்டு இரும்பாயிற்று.

1,500 டாலர்

பக்கத்து ஊரான பாக்ஸ்டர் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் இளைஞர் குழு ஒன்று இருந்தது. மிக்கி அதில் ஆடினார். நியூயார்க்கின் பிரபல யாங்கீஸ் குழுவுக்கு ஆள் தேடும் டாம் கிரீன்வேடு என்பவர் வேறு ஓர் ஆட்டக்காரரைப் பார்க்க அங்கே வந்தார். வந்தவர் மிக்கியின் அடியைப் பார்த்தார். பார்க்க வந்த ஆளை மறந்தார்!

1949-ல் மிக்கி பள்ளிப் படிப்பை முடித்தார். கிரீன்வேடு மறுபடி வந்தார். பேரம் பேசியவர் தகப்பனார். சம்பளமும் முன்பணமும் சேர்த்துச் சுமார் 1,500 டாலருக்கு ஒப்பந்தம் முடிந்தது. மிக்கிக்கு அப்போது 17 வயது.

இரண்டு வருடம் சிறிய குழுக்களில் ஆடினார். 1951 ஏப்ரலில் யாங்கீஸ் குழுவின் பெரிய மைதானத்தில் காலடி வைத்தார். வயது 19. பட்டிக்காட்டுப் பையன். பத்திரிகைகள் வானளாவப் புகழ்ந்தன.

புகழ்ச்சி நீடிக்கவில்லை. பெரிய எறிகாரர்களின் பந்துகளை அவரால் சமாளிக்க முடியவில்லை. அடிக்க ஓங்குவார், பந்து தப்பிவிடும். அந்த ஜூலையில் அவரைக் கான்சாஸ் சிட்டியில் உள்ள சிறிய குழுவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அங்கும் அடி விழவில்லை. மனம் உடைந்தது. தகப்பனாருக்கு டெலிபோன் செய்தார். இனி தன்னால் முடியாது என்று அழுதார்.

தகப்பனாரின் வைத்தியம்

மட் மேண்டில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கான்சாஸ் சிட்டி சுமார் 150 மைல் தூரம். மகன் தங்கியிருந்த ஓட்டல் அறைக்குப் போனார்.

அப்பா தேற்றுவார், முதுகைத் தட்டிக் கொடுப்பார் என்று மகன் எதிர்பார்த்தார். அப்பாவோ ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. மகனுடைய பெட்டியைத் திறந்தார். துணிகளை அள்ளி உள்ளே போட ஆரம்பித்தார். ஆண்பிள்ளையை வளர்த்ததாக நினைத்திருந்தேன், கோழையை வளர்த்திருக்கிறேன், வா, ஊருக்குப் போய் என்னோடு சுரங்கத்தில் வேலை பார் என்ற பொருளில் பேசினார்.

மகன் திடுக்கிட்டார். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுக்கும்படி கெஞ்சினார். அப்பா பெட்டியை மூடிவிட்டுப் புறப்பட்டார்.

அன்று முதல் மிக்கியின் மட்டை பேசிற்று. கான்சாஸ் சிட்டிக் குழுவுக்கு 40 ஆட்டங்களில் 11 ஹோம் ரன் அடித்தார். ஆகஸ்டு மாதமே யாங்கீஸ் குழு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. புதிய சட்டையில் 7-ம் எண் கொடுத்தார்கள். அந்த எண் பிறகு சரித்திரம் ஆயிற்று.

ஒரே அறையில் இருவர்

அந்த ஆண்டு அக்டோபரில் சாம்பியன்ஷிப் இறுதிப் பந்தயத் தொடர். அதற்கு உலகத் தொடர் என்று பெயர். மகன் ஆடுவதைப் பார்க்க மட் மேண்டில் நியூயார்க்குக்கு வந்தார்.

இரண்டாவது ஆட்டம். எதிர்க் குழுவின் வில்லி மேஸ் பந்தை உயரத் தூக்கி அடித்தார். பிடிக்க மிக்கி பாய்ந்து ஓடினார். புகழ் பெற்ற மூத்த வீரர் ஜோ டிமாஜியோவும் அதே பந்துக்கு வந்துவிட்டார். மோதிக்கொள்ளக் கூடாதே என்று மிக்கி சட்டென்று நின்றார். தரையில் இருந்த தண்ணீர்க் குழாய் மூடியில் கால் சிக்கியது. வலது முழங்கால் முறுக்கிக்கொண்டது. அப்படியே சுருண்டு விழுந்தார்.

மறுநாள் தகப்பனாரோடு டாக்சியில் ஆஸ்பத்திரிக்குப் போனார். இறங்கும்போது கால் ஊன்ற முடியாமல் அப்பாவின் தோளில் சாய்ந்தார். சுரங்கத்தில் இரும்பாய் நின்ற அந்த மனிதர், மகனுடைய பாரம் தாங்காமல் நடைபாதையில் சரிந்து விழுந்தார்!

அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே அறையில் படுக்கை. மீதி ஆட்டங்களை இருவரும் படுத்தபடியே டெலிவிஷனில் பார்த்தார்கள். யாங்கீஸ் குழு வென்றது.

ஆனால் அறையில் சந்தோஷம் இல்லை. மட் மேண்டிலைப் பரிசோதித்த டாக்டர்கள் உண்மையைச் சொன்னார்கள். தாத்தாவைக் கொன்ற அதே ஹாட்ஜ்கின் நோய். வலியையெல்லாம் அதுவரை வீட்டாருக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தார்.

இன்று அந்த நோய்க்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. பெரும்பாலோர் குணம் அடைகிறார்கள். அந்த நாளில் அப்படி இல்லை.

தகப்பனாரின் விருப்பப்படி மிக்கி அந்த டிசம்பரில் மெர்லின் என்ற பெண்ணை மணந்தார். 1952 மே மாதம் மட் மேண்டில் கண்ணை மூடினார். வயது 40-தான்.

தாத்தாவின் கை, அப்பாவின் கை

தகப்பனார் போனார். அவர் சொல்லிக் கொடுத்தது போகவில்லை.

1953 ஏப்ரல் 17. வாஷிங்டன் நகரில் பந்தயம். சக் ஸ்டாப்ஸ் என்ற இடது கைக்காரர் பந்து எறிந்தார். மிக்கி வலது பக்கம் போய் நின்றார். தாத்தா எறிந்த பந்தை அடித்த அதே பக்கம்! ஓங்கி ஓர் அடி. பந்து வேலியைத் தாண்டி, ஜனங்கள் உட்காரும் மேடையைத் தாண்டி, மைதானத்துக்கே வெளியே போய் விழுந்தது.

அது 565 அடி தூரம் போனதாக அன்று கணக்குச் சொன்னார்கள். பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் அவ்வளவு தூரம் பறந்திருக்காது என்கிறார்கள். ஆனால் அது ஓர் அசுர அடி என்பதை யாரும் மறுக்கவில்லை.

1956-ல் அவர் புகழின் உச்சியை எட்டினார். அந்த ஒரே ஆண்டில் 52 ஹோம் ரன் அடித்தார். தன் அடிகளால் தன் பக்கத்துக்கு 130 ஓட்டங்கள் சேர்த்துக் கொடுத்தார். அடிக்க நின்ற தடவைகளில் ஆயிரத்துக்கு 353 என்ற விகிதத்தில் வெற்றிகரமாக அடித்தார். இந்த மூன்றிலும் அவருடைய பிரிவில் அவரே முதல். இதற்கு மும்முடி என்று பெயர். இரண்டு கையாலும் அடிக்கும் ஆட்டக்காரர்களில் மும்முடி சூடியவர் அவர் ஒருவர்தான்.

1956, 1957, 1962 ஆகிய மூன்று ஆண்டுகளில் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். உலகத் தொடரில் அவருடைய குழு 7 முறை வென்றது. அத்தொடர்களில் மட்டும் அவர் 18 ஹோம் ரன் அடித்தார். 1,500 டாலருக்கு வந்த பையன், 1963-ல் வருடத்துக்கு ஒரு லட்சம் டாலர் சம்பளம் வாங்கினார்.

இத்தனைக்கும் 1951-ல் கெட்ட முழங்கால் முழுவதும் குணமாகவே இல்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் கால் முழுவதும் பட்டித் துணி சுற்றிக்கொண்டு, வலியோடுதான் இறங்குவார்.

18 ஆண்டுகள் ஆடி, 1969 மார்ச் மாதம் ஓய்வு பெற்றார். மொத்தம் 536 ஹோம் ரன். இடது பக்கம் நின்று அடித்தவை 372. வலது பக்கம் நின்று அடித்தவை 164.

அந்தக் கணக்கை உற்றுப் பார்த்தால் ஒன்று விளங்கும். அப்பா எறிந்து பழக்கிய பக்கத்தில் 372. தாத்தா எறிந்து பழக்கிய பக்கத்தில் 164. சுரங்கத்து ஊரில், தகரக் கொட்டகை ஓரத்தில் இரண்டு பேர் விதைத்த விதை அப்படி அறுவடை ஆயிற்று.

குடி கெடுத்தது

இதோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

தாத்தா போனார். அப்பா 40 வயதில் போனார். தானும் நீண்ட நாள் இருக்கப் போவதில்லை என்ற எண்ணம் மிக்கியின் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. இருக்கிற வரை அனுபவித்துவிட வேண்டும் என்று நினைத்தார். அவர் கை நீண்டது மதுக் கோப்பையை நோக்கி.

நண்பர்கள் கூடினார்கள். இரவெல்லாம் குடி. வலியோடு ஆடிய கால்களுக்கு ஓய்வு தேவைப்பட்டது. அவர் அதற்குக் குடியைக் கொடுத்தார். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு குடி இன்னும் அதிகம் ஆயிற்று. 1974-ல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. வெளியே மாலை, மரியாதை. உள்ளே உடல் கெட்டுக்கொண்டிருந்தது.

அவருக்கு நான்கு ஆண் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்கு எல்லா வசதியும் இருந்தது. ஒன்று மட்டும் இல்லை. மாலையில் வீட்டுக்கு வந்து பந்து எறிய அப்பா இல்லை. பேஸ்பால் நடக்கும் மாதங்களில் அவர் ஊர் ஊராகப் போய்விடுவார். மற்ற மாதங்களில் நண்பர்களும் குடியும்.

1994 ஜனவரியில், 62-ம் வயதில், குடியை நிறுத்துவதற்காக அவர் ஒரு சிகிச்சை நிலையத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். இறந்துபோன தகப்பனாருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள். 42 ஆண்டுகளுக்கு முன் இறந்தவருக்குக் கடிதம்! மிக்கி எழுதினார். எழுதும்போது கண்ணீர் விட்டு அழுதார்.

அங்கிருந்து வெளியே வந்து, தன் குறைகளைப் பத்திரிகையில் பகிரங்கமாகச் சொன்னார். தன் அப்பா தன்னோடு இருந்ததுபோல் தான் தன் பிள்ளைகளோடு இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். மூத்த மகனைத் தன் அப்பா வளர்த்திருந்தால் அவனும் பெரிய ஆட்டக்காரனாகியிருப்பான் என்றும் வருந்தினார்.

அவர் குடியை விட்ட சில வாரங்களில் ஒரு மகன் இறந்தார். அந்த மகனையும் குடும்ப நோயான ஹாட்ஜ்கின் நோய் முன்பே பிடித்து வாட்டியிருந்தது. அந்தத் துக்கத்திலும் மிக்கி மறுபடி கோப்பையைத் தொடவில்லை.

ஆனால் காலம் கடந்துவிட்டது. ஈரல் முழுவதும் கெட்டுப் புற்றும் வைத்திருந்தது. 1995 ஜூன் மாதம் டாலஸ் நகர ஆஸ்பத்திரியில் அவருக்கு மாற்று ஈரல் பொருத்தினார்கள். ஜூலையில் மெலிந்த உடம்போடு பத்திரிகைக்காரர்களைச் சந்தித்தார். தன்னைப்போல் யாரும் ஆகவேண்டாம் என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டார். இறந்தபின் உறுப்புகளைத் தானம் செய்யும்படி ஜனங்களை வேண்டினார்.

1995 ஆகஸ்டு 13-ந் தேதி மிக்கி மேண்டில் காலமானார். வயது 63.

எது பயிற்சிக்கூடம்?

காமர்ஸ் வட்டாரத்துச் சுரங்கங்கள் எப்போதோ மூடப்பட்டுவிட்டன. ஈயப் பொடியால் மண்ணும் நீரும் கெட்டு, பக்கத்தில் உள்ள பிச்சர் என்ற ஊரே காலியாகிவிட்டது.

இன்று அமெரிக்காவில் வசதி உள்ள பலர் தங்கள் வீட்டிலேயே பேஸ்பால் பயிற்சிக்கு வலைக் கூண்டு கட்டுகிறார்கள். நீளமாக நான்கு பக்கமும் வலை. மேலேயும் வலை. எப்படி அடித்தாலும் பந்து வெளியே போகாது. பந்து எறிய மனிதர்கூட வேண்டாம். பொத்தானை அழுத்தினால் இயந்திரமே எறியும். கை வலிக்கிறது என்று அது சொல்லாது. எத்தனை நூறு பந்து வேண்டுமானாலும் எறியும்.

நல்ல வசதிதான். வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. அந்தத் தகரச் சுவர் செய்த வேலையைத்தான் இந்த வலையும் செய்கிறது. ஓடும் பந்தை நிறுத்தி நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

ஆனால் எந்த இயந்திரமும் 150 மைல் கார் ஓட்டிக்கொண்டு வந்து, சோர்ந்துபோன பிள்ளையின் பெட்டியைத் திறக்காது. பிடிக்காத பக்கத்தில்தான் அதிகம் பழகவேண்டும் என்று கண்டிக்காது. கூரையைத் தாண்டிப் பந்து பறந்தால் பிள்ளையோடு சேர்ந்து துள்ளாது.

மட் மேண்டில் மகனுக்குச் சொத்து வைக்கவில்லை. அவரிடம் இருந்தது, வேலை முடிந்து இருட்டும் வரை மிச்சமான அந்த மாலை நேரம் மட்டுமே. அதை முழுவதும் மகனுக்குக் கொடுத்தார். மகனோ தன் பிள்ளைகளுக்கு மற்ற எல்லாவற்றையும் கொடுத்தார். அந்த மாலை நேரத்தைக் கொடுக்கத் தவறினார். சாகும் முன் அவரை வாட்டிய துயரம் அதுதான்.

பேஸ்பால் ஆகட்டும், கிரிக்கெட் ஆகட்டும், வாய்ப்பாடு ஆகட்டும். பிள்ளை வாசலில் மட்டையோடோ புத்தகத்தோடோ காத்திருக்கிறது. வேலை முடிந்து வரும் தகப்பனார் அரை மணி நேரம் அதன் பக்கத்தில் நின்றால் போதும். நிற்கிற இடம் எதுவானாலும் அதுவே பயிற்சிக்கூடம்.